உறைஞ்சு போன ஊசி அனுப்பினது பத்தி புகார்

வணக்கம் சார் / மேடம்,

நான் ஊட்டி காந்தல்ல இருந்து எழுதறேன். எனக்கு முடக்குவாதம், அதான் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், நாலு வருஷமா இருக்கு. டெய்லரிங் தான் என் தொழில். வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போட்டும் விரல் முட்டி வீக்கம் அடங்கல, காலைல எந்திரிச்சா ரெண்டு மணி நேரத்துக்கு கத்திரிக்கோல் பிடிக்க முடியாது. அதனால கோயமுத்தூர் டாக்டர் டிபி டெஸ்ட், நெஞ்சு எக்ஸ்ரே, மஞ்சள்காமாலை பி டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பாத்துட்டு அடாலிமுமாப் 40 மில்லிகிராம் ஊசி, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, வீட்லயே நீங்களே போட்டுக்கலாம்னு எழுதிக் குடுத்தாரு.

உங்க கம்பெனில பேர் பதிஞ்சப்ப ஊசி வீட்டுக்கே வரும், முதல் ஊசிக்கு நர்ஸ் வந்து சொல்லிக் குடுப்பாங்கன்னு சொன்னீங்க. அதை நம்பி தான் ரெண்டு மாச தையல் கூலிய மொத்தமா கட்டினேன்.

பார்சல் வந்தது பொங்கலுக்கு முந்தின வாரம். சாயங்காலம் ஏழு மணிக்கு கொரியர் தம்பி போன் பண்ணி லேட் ஆயிருச்சு அக்கா, காலைல கொண்டு வரேன்னாரு. ராத்திரி முழுக்க பெட்டி வண்டிலயே இருந்திருக்கு. ஜனவரில எங்க ஊர் எப்படி இருக்கும்னு உங்களுக்கு தெரியுமான்னு தெரியல, அன்னிக்கு காலைல காந்தல், தலைகுந்தா பக்கமெல்லாம் புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி உறைபனி. பெட்டிய பிரிச்சா ஜெல் ஐஸ் பேக் கல்லு மாதிரி இருக்கு, ஊசி டப்பா அதோட ஒட்டிக்கிட்டு இருக்கு, நடுவுல ஒரு அட்டை கூட வைக்கல. ரெண்டு சிரிஞ்சுக்குள்ளயும் மருந்து வெள்ளையா கட்டியாயிருச்சு. டப்பா மேலயே 2லேர்ந்து 8 டிகிரில வைக்கணும், உறைய விடக்கூடாதுன்னு போட்டிருக்கு.

உடனே உங்க கஸ்டமர் கேருக்கு போன் பண்ணேன். பேசினவர் சொன்னது இது தான், "மேடம் வெயில்ல இருந்தா தான் கெட்டுப்போகும், உங்க ஊர் குளிர் தானே, ஒண்ணும் ஆகாது, உருகினதும் போட்டுக்கோங்க." நான் அதுக்கு மேல ஒண்ணும் கேக்காம வச்சுட்டேன், ஏன்னா கம்பெனிக்காரங்களுக்கு தெரியாததா நமக்கு தெரியப்போகுதுன்னு தான் நினைச்சேன். அரை மணி நேரம் வெளிய வச்சதும் பளிச்சுனு தண்ணி மாதிரி ஆயிருச்சு, பாக்க நல்ல மருந்து மாதிரியே இருந்துச்சு. தொடைய ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு கூட வச்சுட்டேன். என் மக தான் அம்மா டாக்டர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போடலாம்னு கையப் பிடிச்சா. டாக்டர் கேட்ட உடனே போடாதீங்கன்னாரு. இது புரத மருந்து, ஒரு தடவை உறைஞ்சா கெட்டுப்போகும், திரும்ப உருகி தெளிவா தெரிஞ்சாலும் நம்பக்கூடாது, தூக்கிப் போட வேண்டியது தான்னாரு.

எனக்கு ஆத்திரமே இதுல தான். கொரியர் தம்பி மேல எனக்கு கோபம் இல்ல, அவருக்கு யாரும் சொல்லல. ஆனா மருந்து விக்கிற நீங்க, குளிர்ல ஒண்ணும் ஆகாதுன்னு நோயாளிகிட்ட சொல்லலாமா? இந்த மலைல இதே ஊசி வாங்கற இன்னும் எத்தனை பேருக்கு இதே பதில் சொன்னீங்களோ, அவங்க போட்டுக்கிட்டாங்களோ, நினைச்சா பயமா இருக்கு.

நர்ஸ் விஷயம் அடுத்தது. மலைக்கு ஆள் இல்லன்னு ஒரு வீடியோ லிங்க் அனுப்பினீங்க. வீடியோல வர்றவங்க ஊசி மூடிய ஒரே இழுப்புல கழட்டறாங்க. எனக்கு கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேத்து அழுத்தினாலே கண்ணுல தண்ணி வரும், மூடிய எப்படி கழட்டுவேன்? இந்த ஊசி போடற நிறைய பேருக்கு கை வலி இருக்கும்ல. போட்ட ஊசிய எதுல போட்டு வைக்கறதுன்னு ஒரு டப்பாவும் தரல. எங்க தெருவுல குரங்கு குப்பைய இழுத்துப் போடும், அதுல ஊசிய எப்படி போடறது?

பதினோரு நாள் ஆச்சு. மாத்து ஊசி வரல, வலது மணிக்கட்டு வீங்கிப்போய் பொங்கலுக்கு ஒத்துக்கிட்ட ஜாக்கெட் துணில பாதிய திருப்பிக் குடுத்துட்டேன்.

எனக்கு ரெண்டு ஊசியும் காசு வாங்காம புதுசா வேணும், காலைல கிளம்பி அன்னிக்கே கையில வர்ற மாதிரி. உள்ள ஐஸ் படாம அட்டை வைங்க, உறைஞ்சா காட்டிக்குடுக்கற அந்த ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டுங்க. நர்ஸ ஒரு தடவையாவது அனுப்புங்க. அன்னிக்கு போன்ல பேசினவருக்கு சொல்லிக் குடுங்க, அவர வேலைய விட்டு எடுக்கச் சொல்லல. நம்ம பக்கம் இந்த பனிக்காலத்துல பார்சல் வாங்கின எல்லாருக்கும் நீங்களே போன் பண்ணி, உறைஞ்சு வந்திருந்தா போடாதீங்கன்னு சொல்லுங்க.

அந்த ரெண்டு ஊசியையும் தூக்கிப் போடல, பேட்ச் நம்பரோட டப்பால அப்படியே வச்சிருக்கேன், பெட்டி பிரிச்சப்ப எடுத்த போட்டோவும் இருக்கு. ஆள் அனுப்பி வாங்கிக்கோங்க, பகல் முழுக்க வீட்ல தான் இருப்பேன்.

இப்படிக்கு,
காந்தல்ல இருந்து உங்க வாடிக்கையாளர்