'சுகந்தான்' என்றாள் சூனேமியாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோத்திரம். 'சுகந்தான்' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கிறிஸ்தவர்கள் பார்க்கிறவர்களிடமெல்லாம் கஷ்டத்தைச் சொல்லி மூக்கைச் சிந்தினால் நம் விசுவாசத்தின் சாட்சி கெட்டுப்போகும், யார் நலம் கேட்டாலும் 'கர்த்தர் கிருபையால் நன்றாயிருக்கிறோம்' என்றே சொல்ல வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகி எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் படித்திருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

என் கணவர் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. அடக்கம் முடிந்த மூன்றாவது ஞாயிறு ஆலயத்துக்குப் போனேன். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, என்னிடம் ஆறாம் வகுப்பில் படித்த பெண், இப்போது பாடகர் குழுவில் இருக்கிறாள், கிட்ட வந்து "தோத்திரம் டீச்சர், எப்படி இருக்கீங்க?" என்றாள். வழக்கமான பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. அன்றைக்கு என்னவோ அது வரவில்லை. "நல்லா இல்லம்மா" என்றேன்.

அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். வாயால நெகட்டிவா அறிக்கை பண்ணக் கூடாது. சார் ஆண்டவர்கிட்ட சந்தோஷமா இருக்காங்கன்னு சொல்லுங்க" என்றாள். சரிம்மா என்றேன். சார் சந்தோஷமாக இருப்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவள் கேட்டது என்னைப் பற்றி.

அதற்கப்புறம் ரொம்ப நாள் எல்லோருக்கும் "நல்லா இருக்கேன், தோத்திரம்" என்ற ஒரே பதில்தான். டீச்சர் தேறிவிட்டார்கள் என்று கேட்டவர்களும் நிம்மதியாக நகர்ந்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், யாரையோ ஏமாற்றிவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

அந்த நாட்களில்தான் வேதாகமத்தில் இரண்டாம் இராஜாக்கள் நாலாம் அதிகாரம் என் கையில் மாட்டியது. ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குச் சொன்ன கதைதான். சூனேம் ஊர்க்காரியான சூனேமியாளின் மகன் மத்தியானம் வரைக்கும் அவள் மடியில் இருந்து செத்துப்போகிறான். தன் வீட்டில் எலிசா தீர்க்கதரிசிக்கென்று வைத்திருந்த கட்டிலில் அவனைக் கிடத்திக் கதவைப் பூட்டிவிட்டு, அவர் இருந்த கர்மேல் மலைக்குக் கழுதையில் விரைகிறாள். தூரத்திலேயே அவளைக் கண்ட எலிசா, வேலைக்காரன் கேயாசியை எதிரே ஓடச் சொல்லுகிறார். நீ சுகமா, உன் புருஷன் சுகமா, பிள்ளை சுகமா என்று விசாரிக்க வேண்டும். நம் ஊர் விசாரிப்பு அப்படியே. அவள் சொன்ன பதில் ஒரே வார்த்தை: "சுகந்தான்."

பிள்ளைகளிடம் இந்த இடத்தை 'பார்த்தீர்களா, என்ன விசுவாசம்!' என்று சொல்லித்தான் முடிப்பேன். அது விசுவாசமாகவும் இருக்கலாம். இப்போது எனக்கு வேறொன்றும் தெரிகிறது. கேயாசியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவனைத் தாண்டிப் போய் எலிசாவின் காலைப் பிடித்த பிறகுதான் அவள் உள்ளே இருந்தது வெளியே வருகிறது. கேயாசி அவளை விலக்க வருகிறான். எலிசா, "அவளைத் தடுக்காதே, அவள் ஆத்துமா துக்கமாயிருக்கிறது, கர்த்தர் அதை எனக்கு அறிவியாமல் மறைத்தார்" என்கிறார். தீர்க்கதரிசிக்கே தெரியாதாம்! எனக்குத் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, அவளைப் பேச விடுகிறார்.

ஆகவே ஆலய வாசலில் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நமக்குப் பின்னால் நாலு பேர் போதகர் ஐயருக்குக் கைகொடுக்க நிற்கும்போது 'சுகந்தான்' போதும். ஆனால் ஒருத்தி வாய்திறந்து நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டால், அதைத் திருத்தி வாங்குகிறோமே, அதைத்தான் சொல்லுகிறேன். கணவனையும் இரண்டு மகன்களையும் சாகக்கொடுத்துவிட்டு பெத்லகேமுக்கு வெறுங்கையாகத் திரும்பிய நகோமி, தன்னை மாரா (கசப்பு) என்று கூப்பிடுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்று ஊர்ப் பெண்களிடம் நேருக்கு நேர் சொன்னாள். அந்தப் பெண்கள் மறுத்துப் பேசியதாக ரூத் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

'கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்ற வசனத்தையும் வாசகி காட்டியிருந்தார். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபம், 4:4. அதே நிருபத்தில் இரண்டு அதிகாரம் முன்னால் தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்ததை எழுதும்போது, அவன் பிழைத்ததால் தனக்குத் 'துக்கத்தின்மேல் துக்கம்' உண்டாகவில்லை என்கிறார் பவுல். ஒரு துக்கம் ஏற்கெனவே இருந்தது என்றுதானே அர்த்தம்?

என் அம்மாவின் பழைய ஜெபப்புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது, 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு முந்தின ஆங்கிலிக்கன் முறைமை. பெரிய வெள்ளி மாலைக்கு அதில் குறித்திருக்கும் சங்கீதங்கள் 69-ம் 88-ம். இந்த 88 ஒரு விசேஷமான சங்கீதம். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசிக்குள் ஒரு தோத்திரம் வந்துவிடும். இதில் அது வருவதே இல்லை. 'எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்' என்று அப்படியே நின்றுவிடுகிறது. இதையும் சபையாக வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்று வைத்தவர்களுக்குச் சாட்சி கெட்டுவிடும் என்ற பயம் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் கோயில் குட்டியாருக்கு, ஆலய மணி அடித்துப் பணிவிடை செய்கிறவருக்கு, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். போன லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், ஒரு புதன்கிழமை வழியில் பார்த்தேன். நலம் விசாரிக்கவில்லை. "சாருக்கு நான்தான் துக்க மணி அடிச்சேன் டீச்சர். அன்னைக்குக் கயிறு கைல நிக்கல" என்றார். நடுரோட்டில் நின்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அப்புறம் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்தப் பாடகர் குழுப் பெண்ணையும் சொல்லிவிடுகிறேன், அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அந்த மாதிரிப் பேச அவளுக்கு நாங்கள்தானே ஓய்வுநாள் பள்ளியில் கற்றுக்கொடுத்தோம். போன ஞாயிறு திரும்பவும் வந்தாள். தோத்திரம் சொன்னாள், எப்படி இருக்கீங்க என்று கேட்க வாயெடுத்து நிறுத்தினாள். "காலைல சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்றாள். இல்லை, ஒருத்திக்காக அடுப்புப் பற்றவைக்க மனசு வரவில்லை என்றேன். அதற்கு அவள் வசனம் எதுவும் சொல்லவில்லை. வண்டியில் ஏறுங்கள் என்றாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை