டெக்கீலாவும் கருப்பட்டிச் சாக்லேட்டும்

மூக்கையூர்

அன்பு மகளுக்கு,

மெக்சிகோ மதுவான டெக்கீலாவையும் சாக்லேட்டையும் சேர்த்து ருசி பார்க்க நீ வைக்கப்போகும் விருந்துக்கு அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். மூன்று வகை டெக்கீலா, ஆறு வகை சாக்லேட். ஆறு வேண்டாம் பாப்பா. நாலாவதிலேயே வந்தவர்களுக்கு நாக்கு மரத்துவிடும். அப்புறம் எதை வைத்தாலும் பிரமாதம் என்றுதான் சொல்வார்கள். கப்பல் பாரில் இந்தக் கூத்தை நிறையப் பார்த்தவன் சொல்கிறேன்.

டெக்கீலா காய்ச்சும் செடிக்குப் பெயர் அகாவே. பாட்டில் வாங்கும்போது லேபிளில் 100 சதவீதம் அகாவே என்று இருக்க வேண்டும். அப்படிப் போடாததில் 51 சதவீதம் அகாவே சர்க்கரை இருந்தாலே போதும், மிச்சம் வேறு சர்க்கரை. அதற்கு உப்பும் எலுமிச்சையும்தான் ஜோடி. உன் சாக்லேட்டை அதில் வீணாக்காதே.

அகாவே வேறொன்றுமில்லை, நம்ம பக்கம் வேலியோரம் நிற்குமே ஆனைக்கற்றாழை, அதன் பங்காளி. மெக்சிகோவில் ஹாலிஸ்கோ பக்கம் நீல அகாவேயை ஆறேழு வருஷம் வளர்த்து, மடலையெல்லாம் சீவிவிட்டு, நடுக்கட்டையை அடுப்பில் வேகவைப்பார்கள். வெந்த பிறகுதான் இனிப்பே வரும். அதைப் பிழிந்து, புளிக்கவிட்டு, இரண்டு தடவை காய்ச்சி வடிப்பார்கள். பதநீர் தாச்சியில் கொதித்துப் பாகாகும்போது பனங்காடே மணக்குமே, அந்த வெந்த இனிப்பு வாசம் நல்ல டெக்கீலாவிலும் உண்டு. அதனால் உன் கருப்பட்டிச் சாக்லேட்டை ரெபொசாடோவோடு வை. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஓக் மரத்தில் கிடந்தது அது. மரவாசம் லேசாக ஏறியிருக்கும், அகாவே ருசியும் போயிருக்காது.

அனெஹோ ஒரு வருஷத்துக்குக் குறையாமல் பீப்பாயில் இருந்தது. அதற்கு 70 சதவீத டார்க் சாக்லேட் போதும். நீ 85 போட்டிருக்கிறாய்; மரத்தின் துவர்ப்பும் அந்தக் கசப்பும் சேர்ந்தால் வாய் வறண்டு இழுக்கும்.

பீப்பாயில் ஊறப்போடாத பிளாங்கோவுக்கு ஆரஞ்சுத் தோல் சீவிப் போட்டதே சரி. நம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எதைச் செய்தாலும் அதைப் போட உனக்குக் கை துறுதுறுக்கிறது. மதுவோடு சேர்ந்தால் மிளகாய் எரிச்சல் தூக்கலாகத் தெரியும். போட்டே தீருவேன் என்றால் விதையை எடுத்துவிட்டு, கடைசியில் தொண்டையில் ஒரு சூடு தெரிகிற அளவு போடு.

ஒரே மடக்கில் யாரையும் குடிக்க விடாதே. முதலில் சின்னதாக ஒரு வாய். பிறகு சாக்லேட்டைக் கடிக்காமல் நாக்கில் வைக்கச் சொல். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும், வாய்ச்சூடே போதும். பாதி கரைந்ததும் அடுத்த வாய். கொழுப்பு நாக்கில் படிந்திருப்பதால் சரக்கின் காட்டம் அடங்கி வாசம் மேலே வரும். பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பரிமாறினால் இது எதுவும் நடக்காது.

“1987-லிருந்து கள் இறக்கத் தடை இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, மகளுக்குச் சாராயப் பாடமாக்கும்” என்கிறாள் அம்மா. ஆனால் சாயல்குடியில் கருப்பட்டியை உடைத்து, ருசி பார்த்து, சீனி கலந்ததையெல்லாம் ஒதுக்கி வாங்கியவள் அவள்தான். இரண்டு கிலோ பார்சலில் வருகிறது. சீவி, நன்றாக உலர்த்திப் பொடித்துக்கொள். ஈரம் பட்டால் சாக்லேட் கட்டிதட்டிப்போகும் என்று நீதானே சொல்வாய்? ரெபொசாடோ எது வாங்கினாய் என்று போனில் சொல்.

அப்பா