ஆண்டறிக்கை 2024–2025: நம் கணக்குக் கோப்பில் தொகை எழுதும் முறை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான ஆண்டறிக்கையை முன்வைக்கிறேன். வரவு செலவு அறிக்கை அச்சிட்டுத் தனியாக வழங்கப்பட்டிருக்கிறது. லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, வெளிச்சுவர் வர்ணம் ஆகியவற்றை மாதக் கூட்டங்களிலேயே பேசி முடித்துவிட்டோம். ஆகவே, இவ்வாண்டு நம்மை மிகவும் அலைக்கழித்த ஒரே விஷயத்துக்கு, அதாவது கணக்கில் தொகையை எழுதும் முறைக்கு, இந்த அறிக்கையை ஒதுக்குகிறேன்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, நம் கணக்கை எச்லெட்ஜர் என்ற இலவச மென்பொருளுக்கு மாற்றினோம். ஜான் வீக்லி 2003-இல் வெளியிட்ட லெட்ஜர் என்ற கணக்கு மென்பொருளைப் பின்பற்றி, சைமன் மைக்கேல் 2007-இல் தொடங்கியது இது. கணக்கு முழுவதும் சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும்; தேதி, விவரம், கணக்குத் தலைப்பு, தொகை என்று நாமே தட்டச்சு செய்ய வேண்டும்; மென்பொருள் அதைப் படித்துக் கூட்டிக் காட்டும். எந்தக் கணினியிலும் திறக்கலாம், பொருளாளர் மாறினாலும் கோப்பு அப்படியே கைமாறும் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தோம். பெட்டிகளோ கட்டங்களோ இல்லாத கோப்பில் ஒரு காற்புள்ளிக்கும் ஓர் இடைவெளிக்கும் எவ்வளவு பொருள் உண்டு என்பதை நாங்கள் அப்போது உணரவில்லை.

ஏப்ரல் மாதத்தில் 48 வீடுகளும் பராமரிப்புக் கட்டணம் 2,500 ரூபாயைச் செலுத்திவிட்டன. (இது அபூர்வம், அதற்குப் பின் ஒரு மாதம்கூட அப்படி அமையவில்லை.) அவற்றுள் 31 வரவுகளைப் பொருளாளர் ‘₹2,500.00’ என்று பைசாவுடன் பதிந்தார். மீதி 17 வரவுகளை நான் ‘₹2,500’ என்று பதிந்தேன். மே முதல் வாரத்தில் பாக்கிப் பட்டியலை எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்றே, மூன்றாம் மாடி உறுப்பினர் ஒருவர் ரசீதுடன் கீழே இறங்கி வந்தார். “நான் ரெண்டாயிரத்து ஐநூறு கட்டியிருக்கேன் சார். பாக்கி 2,497 ரூபாய் 50 காசுன்னு போட்டிருக்கீங்க. அப்போ நான் கட்டினது வெறும் ரெண்டரை ரூபாயா?” என்று கேட்டார்.

அவர் கேட்டது உண்மைதான். கோப்பில் அவர் கட்டியது இரண்டரை ரூபாயாகவே பதிவாகியிருந்தது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளியை எழுதுகிறார்கள். இந்த மென்பொருள் இரு வழக்கத்தையும் ஏற்பதால், ஒரு தொகையில் ஒரே ஒரு குறி இருந்து, வேறு அறிவுறுத்தல் எதுவும் கொடுக்கப்படாவிட்டால், அதைத் தசமக் குறியாகவே எடுத்துக்கொள்கிறது. ‘₹2,500.00’ என்பதில் இரண்டு குறிகள் இருப்பதால் குழப்பமில்லை. வைப்புத்தொகையை நான் ‘₹6,00,000’ என்று பைசா இல்லாமல் எழுதியும் அது சரியாகவே ஏறியது; ஒரே குறி இருமுறை வந்தால் அது தசமக் குறியாக இருக்க முடியாதல்லவா? ஆக, லட்சங்கள் தப்பின, ஆயிரங்கள் சுருங்கின. பெரிய தொகை சரியாக இருந்ததால் சிறியவற்றை நான் சந்தேகிக்கவே இல்லை.

வங்கி பாஸ்புக்கின்படி ஏப்ரல் 30 அன்று இருப்பு ₹4,34,560.00, நம் கோப்பு காட்டியது ₹3,92,102.500. வித்தியாசம் ₹42,457.50. அதை 2,497.50-ஆல் வகுத்தபோது மிச்சமின்றி 17 வந்தது, அந்தப் பதினேழும் நான் பதிந்தவை. கோப்பு காட்டிய இருப்பில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் நின்றதை நான் முன்பே பார்த்திருந்தும், அச்சுக் கோளாறு என்று விட்டுவிட்டேன். பைசாவுக்கு இரண்டு இலக்கங்களுக்கு மேல் ஏது? பட்டியலில் பெயர் வந்த 17 குடும்பத்தினரிடமும் இந்த மன்றத்தில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதற்குப் பின் கோப்பின் தொடக்கத்தில், ரூபாயின் வடிவத்தை அறிவிக்கும் கமாடிட்டி என்ற வரியைச் சேர்த்து, மாதிரித் தொகையாக ‘₹1,00,000.00’ என்று எழுதினோம். அந்த ஒரு வரியால் காற்புள்ளி இலக்கங்களைப் பிரிப்பது, புள்ளி பைசாவைப் பிரிப்பது என்பது உறுதியாகிறது; அறிக்கைகளும் மில்லியன் கணக்கில் அல்லாமல் நம் லட்சக் கணக்கில் காற்புள்ளியிட்டு வருகின்றன. மாதிரித் தொகையில் தசமப் புள்ளியை விட்டுவிட்டால் மென்பொருள் அந்த வரியை ஏற்காது.

அடுத்த சிக்கல் நாணயக் குறி. ₹ என்ற குறியை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அதை வடிவமைத்தவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். அதே ஆண்டு அக்டோபரில் அது ஒருங்குறியிலும் (கணினி எழுத்துகளுக்கான யூனிகோட் தரத்திலும்) இடம்பெற்றது. ஆனாலும் துணைச் செயலாளரின் கணினியில் அந்த விசை எங்கே என்று தெரியாததால், அவர் சில தொகைகளை ஐ.என்.ஆர். என்ற மூவெழுத்துக் குறியுடன் பதிந்தார். நமக்கு இரண்டும் ஒன்றே. மென்பொருளுக்கு அவை இரு வேறு நாணயங்கள். காவலாளியின் சம்பளப் பதிவில் ஒரு வரி ₹ என்றும் மறு வரி ஐ.என்.ஆர். என்றும் இருந்தபோது, பிழை என்று சொல்லாமல், ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியதாக அது கருதிக்கொண்டது. இப்போது விசைப்பலகையை இந்திய ஆங்கில அமைப்புக்கு மாற்றி, வலப்பக்க ஆல்ட் விசையுடன் 4-ஐ அழுத்தி ₹ குறியைப் பெறுகிறோம். பழைய தமிழ் ரூபாய்க் குறியான ௹ என்பதையே பயன்படுத்தலாமே என்று ஓர் உறுப்பினர் எழுதியிருந்தார். மென்பொருள் அதையும் ஏற்கும். தணிக்கையாளரும் வங்கியும் ₹ குறிக்கே பழகியிருப்பதால் செயற்குழு அதை ஏற்கவில்லை. தனிப்பட்ட முறையில் எனக்கு அந்தக் குறி பிடிக்கும்.

வவுச்சர் வழக்கப்படி ‘₹500/-’ என்று எழுதியவர்களும் உண்டு. மென்பொருள் உடனே வரி எண்ணைச் சொல்லி நின்றுவிட்டதால், அதனால் எந்தத் தீங்கும் இல்லை. சத்தமின்றி நுழைந்தது வேறொன்று: கணக்குத் தலைப்புக்கும் தொகைக்கும் நடுவே குறைந்தது இரண்டு இடைவெளிகள் வேண்டும். தண்ணீர் லாரிச் செலவில் ஓர் இடைவெளி மட்டும் விட்டதால் ‘தண்ணீர் லாரி ₹1,200.00’ என்பது முழுவதுமே தலைப்பின் பெயராகிவிட்டது. தொகை இல்லாத அந்த வரியை மென்பொருள் அதே பதிவின் மறு வரியைப் பார்த்துத் தானே நிரப்பிக்கொண்டதால் கூட்டல் சரியாகவே இருந்தது. செலவுப் பட்டியலில் மட்டும் அந்த விசித்திரத் தலைப்பு ஆகஸ்ட் வரை தனியே நின்றது.

இப்போது தலைப்புகளையும் நாணயத்தையும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, கண்டிப்பு முறையில் கோப்பைச் சரிபார்க்கிறோம். அறிவிக்காத தலைப்போ குறியோ வந்தால் அது நிறுத்திவிடும். மாதக் கடைசிப் பதிவில் சமக்குறியிட்டு பாஸ்புக் இருப்பையும் எழுதுகிறோம்; கோப்பின் கூட்டுத்தொகை அதனுடன் ஒத்துப்போகாவிட்டால் அறிக்கையே வராது. செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதங்களும் இவ்வாறு ஒத்துப்போயின.

பைசா இல்லாவிட்டாலும் ‘.00’ எழுத வேண்டும், ₹ தவிர வேறு குறி கூடாது, தொகைக்கு முன் இரண்டு இடைவெளி விட வேண்டும் என்ற மூன்று விதிகளையும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் சேர்க்க பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்