கறவைக் கடன் கணக்கில் வற்றுநாளையும் சேருங்கள்

தமிழ்நாடு அரசின் பால்வளத் துறைக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

புழல் ஏரிப் பக்கம் தலைமுறையாகக் கறவை வைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. மாமனார் காலத்தில் கொட்டகை நிறைய எருமை நின்றது. இன்று எல்லாமே கலப்பினப் பசு. எங்கள் தெருவோடு நின்ற மாற்றம் இல்லை இது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.80 லட்சமாக இருந்த எருமை, 2019இல் 5.19 லட்சமாகக் குறைந்துவிட்டது. அதே கணக்கெடுப்பில் மாடுகள் 95 லட்சத்துக்கு மேல். பெரும்பகுதி ஜெர்சி, ஃபிரீசியன் என்ற வெளிநாட்டு இனங்களின் கலப்பு. ஆகவே மாறலாமா வேண்டாமா என்று இனிப் பேசிப் பயனில்லை. மாறியவர்கள் கையில் காசு நிற்கிறதா என்று பேச வேண்டும்.

கறவை மாட்டுக் கடனுக்கு ஆள் சேர்க்கிற இடங்களில் நான் கேட்டதெல்லாம் ஒரே கணக்குதான். மாடு 12 லிட்டர் கறக்கும், லிட்டருக்கு இவ்வளவு, பெருக்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். அந்த 12 லிட்டர் கன்று போட்ட ஆறேழு வாரத்தில் வருகிற உச்சம். பிறகு மாதாமாதம் இறங்கிக்கொண்டே போகும்.

நான் போடும் கணக்கைச் சொல்கிறேன். ஒரு ஜெர்சி கலப்பினப் பசு, 305 நாள் கறவை, சராசரி 8 லிட்டர். 2022 நவம்பரில் உயர்ந்த ஆவின் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாய், 2023 டிசம்பரில் வந்த ஊக்கத்தொகை 3 ரூபாய், ஆக 38. தரம் சரியாக இருந்தால் நாள் வரவு 304 ரூபாய். தவிடு, புண்ணாக்கு போன்ற அடர்தீவனம் மாட்டின் உடம்பைக் காக்க ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 140 ரூபாய். நிலமில்லாத எங்களுக்கு வைக்கோலும் பசுந்தீவனமும் விலைக்குத்தான். அதற்கு ஒரு 80. மிச்சம் 84 ரூபாய். மருந்து, தண்ணீர், கடன் தவணை, எங்கள் கூலி எல்லாம் இந்த 84க்குள்.

பால் வற்றியதிலிருந்து அடுத்த கன்று போடும் வரை உள்ள வற்றுநாளிலும் மாடு தின்னும். இரண்டு கிலோ தீவனமும் வைக்கோலுமாக நாளுக்கு 140 ரூபாய், வரவே இல்லாமல். 13 மாதத்துக்கு ஒரு கன்று என்றால் வற்றுநாள் 90. கறவையில் மிஞ்சியது 25,620, வற்றுநாளில் போனது 12,600, கையில் நிற்பது 13,020 ரூபாய். அதே மாடு நான்கு மாதம் தள்ளிக் கன்று போட்டால் வற்றுநாள் 210, செலவு 29,400. கணக்கு 3,780 ரூபாய் நட்டத்தில் முடிகிறது. அந்தக் கூடுதல் நாட்களில் இழுத்துப் பிடித்து இரண்டு லிட்டர் கறந்தாலும் 76 ரூபாய்தான் வரும். அன்றைய தீவனத்துக்கே காணாது. இரண்டு கணக்கிலும் ஒரே மாடு, ஒரே பால். சினை பிடித்த நாள் மட்டுமே வேறு. மாடு சினைக்கு வரும் பருவம் ஒன்று தவறினால் அடுத்ததற்கு 21 நாள் காத்திருக்க வேண்டும், அதாவது 2,940 ரூபாய்.

அந்தப் பருவத்தைக் கண்டுபிடிப்பது எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குக் கறக்க உட்காரும்போது வாலடியில் கண்ணாடிக் கம்பி போல வழும்பு தொங்கும். மாடு தீனியைத் தொடாமல் கத்திக்கொண்டே நிற்கும், பால் அரை லிட்டர் குறையும். காலையில் பார்த்தால் அன்று மாலை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), மாலையில் பார்த்தால் மறுநாள் காலை. அந்த நேரம் ஞாயிற்றுக்கிழமையிலோ பொழுது சாய்ந்த பிறகோ விழுந்தால் ஆள் கிடைப்பது பெரும்பாடு. நான் அழைத்த, தனியாக ஊசி போடுபவர் ஒருவர் மறுநாள் மத்தியானம் வந்தார், ஊசிக்குக் காசும் வாங்கிக்கொண்டு போனார். மாடு சினை பிடிக்கவில்லை.

சென்னை வெயிலில் இந்த அறிகுறியும் சரியாகத் தெரியாது. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரையின் கீழ் நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கிற மாட்டுக்குப் பருவம் அறிகுறி காட்டாமல் ஊமைப் பருவமாக வந்து போய்விடும். தீனியும் ஒரு காரணம். கோயம்பேட்டிலிருந்து வரும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலையில் பெரும்பகுதி தண்ணீர்தான். கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு வயிற்றில் புளித்து மாட்டையே சாய்த்துவிடும். தாது உப்பு கொடுக்காமல் இவற்றை மட்டும் தின்னும் மாடு எப்படிச் சினை பிடிக்கும்? கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இதோ மாதவரத்தில் இருக்கிறது. அங்கே தெரிந்தது புழல், செங்குன்றம் கொட்டகைகளுக்கும் வந்து சேர வேண்டும்.

இன்னொன்று. சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஃபிரீசியன் என்பது நம் மாநிலம் நெடுநாளாகச் சொல்லிவந்த முறை. லிட்டர் ஆசையில் ஃபிரீசியன் ரத்தம் கூடிய மாடுகளை இந்த ஊர் வெக்கையில் கொண்டுவந்து கட்டுகிறார்கள். மாடு மூச்சு வாங்கி நிற்கிறது, தீனி குறைகிறது, கொழுப்புச் சத்தும் ஜெர்சிப் பாலை விடக் குறைவு. பாலுக்கு விலை கொழுப்பையும் திடச்சத்தையும் பார்த்துத்தானே போடுகிறீர்கள்? கடன் பரிந்துரைக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு மாட்டுக்குக் கடன் என்றால் இரண்டையும் ஒரே நாளில் வாங்க வைக்காதீர்கள். ஐந்தாறு மாத இடைவெளியில் வாங்கினால் ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும், தவணையும் தடைபடாது. வற்று மாதங்களில் தவணையைக் குறைக்க வங்கிகளிடம் பேசுங்கள். கிடேரிக் கன்றுக்கான பாலினம் பிரித்த உறைவிந்தை நகர்ப்புறத்துக்கு முதலில் கொடுங்கள். உழவே இல்லாத இந்த ஊரில் காளைக்கன்றை வைத்து வளர்க்க எவராலும் முடியாது.

இதில் பெரிய செலவு இல்லாமல் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சங்கத்தில் எங்களுக்குத் தரும் பால் அட்டையில் லிட்டரும் சத்தும் தொகையும் மட்டுமே எழுதுகிறார்கள். அதோடு மாடுவாரியாக இரண்டு கட்டம் சேருங்கள்: கடைசியாகச் சினை ஊசி போட்ட தேதி, மூன்றாம் மாதச் சினைப் பரிசோதனையின் முடிவு. கன்று போட்டு 90 நாள் தாண்டியும் முதல் கட்டம் காலியாக இருக்கும் வீட்டுக்கு மருத்துவரை அனுப்புங்கள். மாதவரம், புழல், செங்குன்றம் பக்கத்துச் சங்கங்களில் வரும் கோடைக்கு முன்பே தொடங்கலாம்.

இப்படிக்கு,
புழல் பக்கம் மாடு வளர்க்கும் ஒருத்தி