மே மாசத்தோட ரிட்டயர் ஆகுறேன், சில பேருக்கு நன்றி சொல்லணும்

வணக்கம். 1994-ல நெல்லைப் பக்கம் ஒரு மகளிர் காலேஜ்ல பி.டி. டீச்சரா சேர்ந்தேன், பாஸ்கெட்பால் டீமும் என் தலைல வந்துச்சு, இந்த மே மாசத்தோட கிளம்புறேன். பிரிவு உபசார விழால மைக்கப் பிடிச்சதும் அழுகை வந்துடுச்சு, சொல்ல நெனச்சதுல பாதி சொல்லல, அதான் இங்க எழுதுறேன்.

மொதல்ல எங்க வாட்ச்மேன் அண்ணனுக்கு. 2010-ல ஃபிபா, அதாவது உலக பாஸ்கெட்பால் சங்கம், த்ரீ பாயிண்ட் கோட்ட (அதுக்கு வெளிய நின்னு போட்டாதான் மூணு பாயிண்ட்) 6.25 மீட்டர்ல இருந்து 6.75-க்கு தள்ளிட்டாங்க, வெளிய மேட்ச்ல புதுக் கோடு, எங்க சிமெண்ட் கோர்ட்ல பழைய கோடு, பிள்ளைங்க எப்படி பழகும்? பெயிண்டருக்கு குடுக்க காசு இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை அண்ணன் அவர் வீட்டுக்கு அடிச்சதுல மிச்சம் இருந்த பெயிண்ட் டப்பாவ தூக்கிட்டு வந்துட்டார். ரிங்குக்கு நேர் கீழ நான் கயித்து நுனிய அமுக்கிட்டு உக்காந்திருக்கேன், அவர் மறுநுனில சாக்பீஸ கட்டி வட்டமா இழுத்துட்டுப் போறார், தரை கொதிக்குது, "அசையாதீங்க மேடம்"னு என்னையே அதட்டுறார். பழைய கோடு இன்னும் மங்கலா தெரியும், புதுசா வர்ற பிள்ளைங்க அதுல நின்னு போட்டுட்டு மூணு பாயிண்ட் கேக்கும்.

அப்புறம் எங்கம்மா. அமெரிக்காவுல பேட் சம்மிட்னு ஒரு கோச், 1974-ல 22 வயசுல டென்னசி யுனிவர்சிட்டி டீம எடுத்தப்ப ஜெர்சியெல்லாம் அவங்களே துவைச்சு வேனையும் அவங்களே ஓட்டினாங்களாம், கடைசில 1098 மேட்ச் ஜெயிச்சு 8 நேஷனல் டைட்டில். இதப் படிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துச்சு, ஏன்னா நான் டீமோட ஊர் ஊரா சுத்துனேனே தவிர ஜெர்சி துவைச்சது எங்கம்மாதான். பன்னெண்டு ஜெர்சி கொடில தொங்கும், தெருவுல "லாண்டரி வச்சிருக்கீங்களா"ன்னு கேப்பாங்க. அம்மா இப்ப இல்ல.

ஷார்ட்ஸ் போட்டு ஆடணுமான்னு சண்டைக்கு வந்த ஒரு பரோட்டா கடை அப்பாவுக்கும் நன்றி, ரெண்டே வருசத்துல ராத்திரி ட்ரெயினுக்கு டீமுக்கே பார்சல் கட்டிட்டு வந்து பிளாட்பாரத்துல நின்னவர் அவர்தான். 2021-ல இந்திய பாஸ்கெட்பால் டீம் கேப்டனா இருந்த அனிதா பால்துரைக்கு பத்மஸ்ரீ அறிவிச்சப்ப போன் பண்ணி, "டீச்சர், நம்ம புள்ளையும் இதத்தான ஆடுச்சு"ன்னார்.

இன்னொருத்திக்கு எப்படி எழுதுறதுன்னு தெரியல. முட்டி லேசா வலிக்குது மேம்னு சொன்னா, ஃபைனல்னு நான் கட்டு போட்டு இறக்கி விட்டேன், லிகமெண்ட் போச்சு, அதுக்கப்புறம் அவ ஆடவே இல்ல. போன வருஷ சம்மர் கேம்ப்புக்கு அவ மகள கூட்டிட்டு வந்தா. என் எதிர்லயே, "வலிச்சா மேம்கிட்ட சொல்லு, உடனே உக்கார வச்சிருவாங்க"ன்னு அந்தக் குட்டிகிட்ட சொல்லிட்டுப் போனா. நான் பந்துக்கு காத்தடிக்கிற மாதிரி குனிஞ்சுகிட்டேன்.

ஹாஸ்டல் மெஸ் அக்கா, கிரவுண்ட் லைட்ட ஏழு மணிக்கு அணைக்கணும்னு ரூல் இருந்தும் எட்டு வரை கண்டுக்காம விட்ட எலக்ட்ரீஷியன் தம்பி, எல்லாருக்கும் நன்றி. ஸ்டாக் ரெஜிஸ்டர புது மேடம்கிட்ட ஒப்படைச்சாச்சு, பந்து பதினொண்ணு, அதுல நாலுதான் தேறும். நீல செட்ல 7-ம் நம்பர் ஜெர்சி மட்டும் கணக்குல வரல, எவ வச்சிருக்கீங்களோ ஒழுங்கா கொண்டு வந்து குடுத்துருங்கடி.