‘சரி’ போட்டால் போதாது, அளவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் ஏசி பராமரிக்கும் சிறிய கம்பனிகள்கூட இப்போது கார்பன் தாள் வைத்த ஜொப் காட்டை (செய்த வேலையைக் குறிக்கும் படிவத்தை) விட்டுவிட்டு போன் செயலிக்கு மாறி வருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் பழைய ஜொப் காட்டில் இருந்த வரிகளை அப்படியே தட்டச்சு செய்து ‘டெம்ப்ளேட்’ (ஒவ்வொரு வேலைக்கும் திரும்பப் பயன்படும் மாதிரிப் படிவம்) என்று சேமித்துவிடுகிறார்கள். கோழிக்கிறுக்கல் கையெழுத்து மட்டும் ஒழிந்தது. மற்றக் குறையெல்லாம் போனுக்குள் குடியேறிவிட்டது.

‘கேஸ் பார்த்தாச்சு’ (குளிர்விக்கும் வாயு போதுமா என்று பார்த்தாயிற்று) என்ற வரியையே எடுத்துக்கொள்வோம். அதற்கு நேரே ‘சரி’ போட மெஷினைத் திறக்கவே தேவையில்லை, லிஃப்டில் இறங்கும்போதே போட்டுவிடலாம். அந்த இடத்தில் எண் கேட்க வேண்டும். மெஷினைக் குளிர்நிலையில் 15 நிமிடம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலை ஒரு கட்டம், வெளியே வரும் காற்றின் வெப்பநிலை இன்னொரு கட்டம். வித்தியாசம் 8 முதல் 12 பாகை என்றால் அடுத்த படிக்குப் போகலாம். 8க்குக் கீழே இருந்தால் மட்டும் கேஸின் பிரஷரை (அழுத்தத்தை) எழுதும் கட்டம் திறக்கும்படி நிபந்தனை வையுங்கள். ஒவ்வொரு சேர்விசுக்கும் கேஜ் (பிரஷர் மானி) மாட்டச் சொல்வது கவனமான வேலைபோல் தெரியும். ஆனால் மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் ஹோஸில் கொஞ்சம் கேஸ் போகும், வால்வும் தேயும். நல்ல மெஷினை நாமே கெடுத்த கதையாகிவிடும்.

பிரஷர் கட்டத்துக்கும் ஒரே வரம்பு சரிவராது. பழைய ஆர்-22 வகைக் கேஸ் உள்ள மெஷினில் சக்ஷன் பக்கம் (கம்ப்ரசர் கேஸை உள்ளிழுக்கும் பக்கம்) சுமார் 60 முதல் 75 பிஎஸ்ஐ (அழுத்த அலகு). ஆர்-410ஏயில் 110 முதல் 140 வரை வரும். இரண்டுக்கும் ஒரே டெம்ப்ளேட் என்றால், ஒன்றில் நல்ல மெஷினுக்கு எச்சரிக்கை காட்டும், மற்றதில் கேஸ் குறைந்த மெஷின் தப்பிவிடும். இன்வேர்ட்டர் ஏசி என்றால் கம்ப்ரசர் வேகத்தோடு பிரஷரும் மாறும். ஆகவே ‘சோதனை நிலையில் முழு வேகத்தில் ஓடவிட்டு எடுக்கவும்’ என்ற வரி அந்தக் கட்டத்தின் மேலேயே இருக்க வேண்டும். மோட்டரை ஓடவைக்க உதவும் மின்பாகமான கப்பாசிட்டருக்கும் இதே முறைதான்: அதன் மேல் அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவு ஒரு கட்டம், அளந்தது ஒரு கட்டம்.

டெம்ப்ளேட்டுகளை உருவாக்கும் வரிசையிலும் தவறு நடக்கிறது. பலர் ஜொப் டெம்ப்ளேட்டைத்தான் முதலில் எழுதுகிறார்கள். முதலில் செய்ய வேண்டியவை சின்ன டாஸ்க் டெம்ப்ளேட்டுகள்: உள் யூனிட் கழுவுதல், வெளி யூனிட் கழுவுதல், ட்ரெய்னில் (தண்ணீர் வெளியேறும் குழாயில்) தண்ணீர் ஊற்றிப் பார்த்தல், மின் சோதனை. இவற்றைக் கோத்தால் ஸ்பிளிட் (சுவரில் மாட்டும் ஏசி) சேர்விஸ். ட்ரெய்னை மட்டும் பம்ப் சோதனையோடு மாற்றிக் கோத்தால் கசெட் (உட்கூரையில் பதிக்கும் ஏசி) சேர்விஸ். கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை கடற்காற்று படும் கட்டடங்களுக்கு, வெளி யூனிட்டிலுள்ள கொண்டென்சர் துடுப்புகளின் (மெல்லிய உலோகத் தகடுகளின்) அரிப்பைப் படமெடுக்கும் ஒரு டாஸ்க் கூடுதலாகச் சேரும். எல்லாவற்றையும் ஒரே நீளத் தாளாக எழுதினால் ஒரு வரியைத் திருத்தப் பத்து இடத்தைத் திறக்க வேண்டும். ஏதாவது ஒன்று கட்டாயம் விடுபடும்.

படங்களைக் கட்டாயமாக்குமுன் கீழ்த்தளக் கார் தரிப்பிடத்தில் சிக்னல் கிடைக்குமா என்று பாருங்கள். செயலி ஓஃப்லைனில் படத்தைச் சேமிக்காவிட்டால் அங்கே வேலையை முடிக்கவே முடியாது.

ஸ்டோர் கணக்கு குழம்புவதும் பெரும்பாலும் டெம்ப்ளேட்டால்தான். கப்பாசிட்டர் ‘1’ என்று அதில் இருந்தால், மாற்றாத நாளிலும் ஒன்று கழியும். அதை ‘0’ என்று வைத்து, மாற்றும்போது மட்டும் கூட்டச் சொல்லுங்கள். கழுவும் ரசாயனத்தை ஜொப்புக்கு இவ்வளவு என்றல்ல, யூனிட்டுக்கு இவ்வளவு என்று குறியுங்கள். ஒரே வீட்டில் ஐந்து ஏசி இருக்கும். விலையை டெம்ப்ளேட்டில் எழுதவே வேண்டாம், விலைப்பட்டியலிலிருந்து எடுக்கட்டும். 2022இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐ எட்டியது. ஒவ்வொரு டெம்ப்ளேட்டிலும் விலை எழுதி வைத்திருந்தால் அத்தனையையும் கையால் திருத்த வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது இன்னொன்று. பெரும்பாலான மென்பொருட்களில் ஜொப் உருவாகும் நேரத்தில் டெம்ப்ளேட்டின் பிரதிதான் அதற்குள் போகிறது. வருட ஒப்பந்தத்தின் நான்கு சேர்விசையும் ஜனவரியிலேயே உருவாக்கிவிட்டு மார்ச்சில் டெம்ப்ளேட்டைத் திருத்தினால், மிச்ச மூன்றும் பழையபடியே வரும். திருத்திய கையோடு, தொடங்காத ஜொப்களை அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டும். முடிந்த ஜொப்களைத் தொடாதீர்கள், அவை பதிவேடு. பழைய டெம்ப்ளேட்டையும் அழிக்காமல் ஒதுக்கி வையுங்கள். ‘ஏசி புதுசு’, ‘ஏசி புதுசு 2’ என்ற பெயர்களுக்குப் பதிலாக மெஷின் வகை, வேலை, திருத்திய மாதம் என்று எழுதினால் ஆறு மாதம் கழித்தும் புரியும். திருத்தும் அனுமதி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். படிகளின் வாசகம் சிங்களத்திலும் தமிழிலும் இருப்பது நல்லது.

தொடர்மாடி நிர்வாகக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சேர்விஸ் அறிக்கையில் கையெழுத்திடுமுன், போன தடவை எடுத்த அளவையும் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். 11 பாகை வித்தியாசம் காட்டிய மெஷின் இந்தத் தடவை 8க்கு இறங்கியிருந்தால், அது வரம்புக்குள்தான் இருந்தாலும், காரணத்தைக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
ஏசி பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.