பாத்திமா பீவி ஏறி வந்த படிகள்

ஆசிரியருக்கு,

நீதிபதி எம். பாத்திமா பீவியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ‘உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, தமிழகத்தின் முன்னாள் ஆளுநர்’ என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். சட்டம் படிக்கும் பெண்களுக்குப் பயன்படக்கூடிய செய்தி அந்த வரிக்கு முந்தைய 39 ஆண்டுகளில் இருக்கிறது.

பத்தனம்திட்டாவில் 1927இல் பிறந்தவர், வேதியியல் பட்டதாரி. திருவிதாங்கூரில் 1937இலேயே முன்சீப் (கீழ்நிலை உரிமையியல் நீதிபதி) ஆகிவிட்ட அன்னா சாண்டியைக் கண்டு, மகளும் சட்டம் படிக்கட்டும் என்று விரும்பியவர் தந்தை மீரா சாகிபு. பாத்திமா பீவி 1950 நவம்பரில் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 1958இல் முன்சீப், 1968இல் சார்பு நீதிபதி, 1972இல் தலைமைக் குற்றவியல் நடுவர், 1974இல் மாவட்ட அமர்வு நீதிபதி, 1980இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாய உறுப்பினர், 1983 ஆகஸ்ட் 4இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. எந்தப் படியையும் அவர் தாண்டிக் குதிக்கவில்லை. வரப்புத் தகராறு, கடன் பத்திரம், வாடகை பாக்கி என்று சாட்சிகளை நேரில் விசாரித்துப் பதிவுசெய்யும் வேலையில் தொடங்கியவர் அவர். மேல்முறையீட்டில் காகிதமாக மட்டும் வந்து சேரும் சாட்சியத்தை எடைபோட அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

ஆனால் இந்தப் பாதையில் வயதுதான் பெரிய தடை. முன்சீப் ஆகும்போது அவருக்கு 31 வயது. உயர் நீதிமன்றம் வந்தபோது 56. அங்கே ஓய்வு வயது 62. உச்ச நீதிமன்றம் செல்ல அரசமைப்பின் 124ஆவது பிரிவு கூறும் தகுதிகளில் ஒன்று, ஐந்தாண்டு உயர் நீதிமன்றப் பணி. ஓய்வுக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் இருக்கும்போதுதான் அவர் அதை எட்டினார். 1989 ஏப்ரல் 29இல் ஓய்வு பெற்றுவிட்டவரை அக்டோபர் 6இல் உச்ச நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள். அங்கு அவருக்குக் கிடைத்தது சுமார் இரண்டரை ஆண்டுதான்.

இன்று இந்தக் கணக்கு இன்னும் இறுகியிருக்கிறது. உயர் நீதிமன்ற இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கீழமை நீதித் துறையிலிருந்து வருவோருக்கு என்பது நடைமுறை. உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் பணி கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் நியாயம் உண்டு. நீதிமன்றத்தைப் பார்க்காமலே நீதிபதி ஆவது நல்லதல்ல. அப்படியானால் தேர்வாவது ஆண்டுதோறும் நடக்க வேண்டும். காலியிடங்களைக் கணக்கெடுத்து நிரப்ப 2007இல் மாலிக் மஸார் சுல்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் கால அட்டவணையே வகுத்துத் தந்திருக்கிறது. இருந்தும் தமிழ்நாட்டில் 2019க்குப் பிறகு அடுத்த அறிவிப்பு 2023இல்தான் வந்தது. நுழைவில் இழக்கும் நான்கு ஆண்டு, முப்பது ஆண்டு கழித்து உயர் நீதிமன்ற வாசலில் குறையும். திருமணம், மகப்பேறு எல்லாம் அதே வயதில் வந்து சேரும் பெண்களுக்கு இந்த இழப்பு இரட்டிப்பாகும்.

அவருடைய ஆளுநர் காலத்தையும் மழுப்பாமல் எழுத வேண்டும். 1999 அக்டோபரில் ராஜீவ் கொலை வழக்கின் நால்வரது கருணை மனுக்களை நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனை பெறவில்லை என்று அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 2001 மே மாதம், தேர்தலில் நிற்கவே தகுதியிழந்திருந்த ஜெயலலிதாவுக்கு முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். அந்த நியமனம் செல்லாது என்று செப்டம்பர் 21இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இரண்டுமே இன்றும் ஆளுநர் அதிகாரம் பற்றிய விவாதங்களில் எடுத்துக்காட்டப்படுகின்றன. அவர் மீது மதிப்பு வைத்திருப்போரும் இவற்றைப் படிக்கத்தான் வேண்டும்.

2023 நவம்பர் 23இல், 96ஆம் வயதில் கொல்லத்தில் அவர் காலமானார். மறு ஆண்டு பத்மபூஷண் அறிவித்தார்கள்.

ஒரு வேண்டுகோள்: உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கான அடுத்த அறிவிப்பைத் தாங்கள் வெளியிடும் நாளில், பாத்திமா பீவி வகித்த பதவிகளை ஆண்டும் அப்போதைய வயதும் சேர்த்து, அதன் பக்கத்திலேயே ஒரு சிறு கட்டமாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்